வீட்டு வீடியோப் படங்களைக் கணினியில் தொகுத்தல்

(நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம் சங்கச் செயலாளர் அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, "புலவரே, இம்முறை சிலப்பதிகாரம் வேண்டா, கணினியிலே கலியாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். நன்னூற் சூத்திரங்களுக்குப் பொருள் கூறிக் காலங்கழிக்கும் ஒருவனை இப்பொருள்மேற் பேச ஏவியது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. பின்னர் எண்ணிப் பார்த்தபொழுது, தொகுத்தல் என்னும் தொழில் தமிழ் படித்தவனுக்குப் புதியதன்று என்பது விளங்கிற்று. குறுந்தொகையையும் நற்றிணையையும் அகநானூற்றையும் நினைத்துப் பாருங்கள். பலர் பல காலத்திற் பாடி வைத்த அகப்பாடல்களை ஒருங்கே குவித்து, பெரும்பான்மையும் 4 அடி முதல் 8 அடி வரையுள்ளவற்றை ஒரு நூலாகவும், 9 முதல் 12 அடி வரையுள்ளவற்றை மற்றொரு நூலாகவும், 13 முதல் 31 அடி வரையுள்ளவற்றை வேறொரு நூலாகவும் வகுத்தனர் நம் முன்னோர். அவர்கள் ஒரு பாட்டேனும் புதிதாக இயற்றினார்கள் அல்லர். இருந்தவற்றுள் எடுத்தனர், நிரல்படுத்தினர், எஞ்சியவற்றை விடுத்தனர். அங்ஙனம் விடுக்கப்பட்ட பாடல்களின் கதியாது என்று நம்முள் ஒருவரும் கேட்பதில்லை. அக்கேள்வி என் நெஞ்சில் ஏன் உறுத்துகின்றது என்பதைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

யான் இத்தொழிலைக் கற்றது விருப்பத்தாலன்று, இடுக்கண் வந்தமையால். 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் அடைபட்டபொழுது, பாடங்களைக் கைப்பேசியிற் பேசிப் பதிந்து மாணவர்க்கு அனுப்புமாறு நேர்ந்தது. முதற் பாடத்தை எடுக்கும்போது தெருநாய் குரைத்தது. இரண்டாமுறை பால்காரர் மணியடித்தார். மூன்றாமுறை எனக்கே இருமல் வந்தது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே பேசிப் பேசித் தொண்டை வறண்டு கிடந்தேன். அதனைக் கேள்வியுற்ற ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொலைபேசியில், "ஐயா, முழுவதும் மறுபடி எடுக்க வேண்டாம். இருமிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம்" என்றான். அன்று மாலையே வழி சொல்லித் தந்தான். யான் பிழைபட அமுக்கும்போதெல்லாம் நகைக்காமல், "பரவாயில்லை ஐயா, திரும்ப வாங்க" என்று அவன் காட்டிய பொறுமையை, யான் அவனுக்கு இலக்கணம் கற்பித்தபொழுது காட்டினேனோ என்பது ஐயமே.

நிற்க. வீடியோ என்பது யாது? அசையும் படம் என்பது கண்ணின் மயக்கமேயன்றி வேறன்று. அசையாத படங்கள் விரைந்து ஒன்றன்பின் ஒன்றாக வருதலால் அசைவு தோன்றுகின்றது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையிலும் பழைய கேஸட்டுகளிலும் 25. இக்காலக் கைப்பேசிகளிற் பெரும்பாலும் 30. ஆகவே நம் வீட்டுப் பரணில் கிடக்கும் மூன்று மணி நேரக் கலியாணக் கேஸட்டில் 2,70,000 படங்கள் உள்ளன. அவற்றுள் எவை நிற்கவேண்டும், எவை நீங்கவேண்டும் என்று தேர்வதே தொகுப்பாளன் தொழில்.

முற்காலத்துத் திரைப்படத் தொகுப்பாளர் படச்சுருளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, கத்தரியால் நறுக்கிப் பசையால் ஒட்டி வந்தனர். 1924ஆம் ஆண்டில் மூவியோலா என்னும் பொறி ஹாலிவுட்டிற் புகுந்தபின், சுருளை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வெட்டுமிடத்தை அறிய இயன்றது. ஆயினும் வெட்டு வெட்டேதான். 1989ஆம் ஆண்டில் ஆவிட் என்னும் கணினித் தொகுப்பு முறை விற்பனைக்கு வந்தது. அதன் சிறப்பு யாதெனின், மூலத்தைத் தொடாமலே வெட்டலாம் என்பது. இன்று நம் வீட்டு மேசைமேலுள்ள கணினியில் யாம் செய்வதும் அதுவே. இவ்வொன்றை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுதும் இதனையே சுற்றி வரும்.

முதலிற் பரணில் உள்ளதைக் கணினிக்குள் இறக்கவேண்டும். 1976ஆம் ஆண்டில் ஜப்பானிற் பிறந்த வி.எச்.எஸ். கேஸட், நம் பக்கத்துத் திருமணங்களில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆட்சி புரிந்தது. அதனை ஓட்டும் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஓடும் கருவி ஒன்று ஒருவர் வீட்டில் இருப்பின், அது அவ்வீட்டுக்கு மட்டும் உரிய பொருளன்று, சுற்றத்தார் அனைவர்க்கும் வேண்டிய பொருள் என்று கருதுக. கருவியின் பின்புறம் மூன்று துளைகள் இருக்கும்: மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. அவற்றிலிருந்து கம்பிகளை எடுத்து, கணினியின் யு.எஸ்.பி. துளையிற் பொருத்தும் சிறு பதிவுக் கருவியிற் செருகி, கேஸட்டை ஓடவிட்டால், ஓடுவது கணினியிற் பதியும். மூன்று மணிக் கேஸட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. சாளரம் போன்ற துளை வழியே நாடாவைப் பாருங்கள். வெண்மையான பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதனை அப்படியே ஓட்டினால் நாடாவும் கெடும். கருவியின் தலையும் கெடும். அடுத்து ஓட்டும் கேஸட்டும் கெடும். அத்தகையதைத் தொழில் அறிந்தாரிடம் ஒப்புவிப்பதே முறை. 1995க்குப் பின் வந்த மினி டி.வி. என்னும் சிறு நாடாக்கள் சிலர் வீட்டில் இருக்கலாம். அவை ஒரு மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடங்கொள்ளும். அவற்றை இறக்குதற்குரிய பயர்வயர்த் துளை புதிய கணினிகளில் இல்லை. பழைய கணினியை எடைக்குப் போடுமுன் இதனை எண்ணிப் பாருங்கள்.

இனித் தொகுக்கும் மென்பொருள். 2000ஆம் ஆண்டில் வந்த மூவி மேக்கர் என்பதில் நம்முட் பலர் கைபழகியிருப்பீர்கள். அதன் பிற்காலப் பதிப்பை 2017ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசாப்ட் கைவிட்டது. இப்பொழுது விண்டோஸ் 11இல் கிளிப்சாம்ப் உண்டு. ஆப்பிள் கணினி உடையார்க்கு ஐமூவி உண்டு. யான் பயன்படுத்துவது ஷாட்கட் என்பது. அது விலையின்றிக் கிடைப்பது. படத்தின்மேல் தன் பெயரைப் பொறித்து நம்மை விளம்பரப்பலகை ஆக்காதது. விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் ஆகிய மூன்றிலும் ஓடுவது. எதை எடுத்தாலும் முறை ஒன்றே. எழுதுகோல் மாறினால் எழுத்து மாறுவதில்லை.

ஷாட்கட்டைத் திறந்தவுடன் புதிய திட்டத்துக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் கேட்கும். கலியாணத்திற்கென்று ஒரு தனி உறையை முன்னரே அமைத்து, மூலப் படங்கள், புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள் யாவற்றையும் அதனுள் இட்ட பின்னரே தொடங்குக. சமைக்கத் தொடங்கிய பின் பருப்பைத் தேடுதல் நல்ல இல்லாளுக்கு அழகன்று என்பர், தொகுப்பாளனுக்கும் அவ்வாறே. திரையமைப்பைத் தானியங்கியாக விட்டுவிட்டால், முதலில் வைக்கும் படத்தின் அளவையே அது தன் அளவாகக் கொள்ளும். ஆதலின் பழைய கேஸட் படத்தை முதலில் வையுங்கள். அது 4க்கு 3 என்னும் அளவினது. அதனை இக்காலத்து 16க்கு 9 திரை முழுதும் பரவுமாறு இழுத்தால் மெலிந்தவரும் பருத்துத் தோன்றுவர். மணமகளின் தாயார் உங்களை மன்னிக்கமாட்டார். இருபுறமும் கருமை நின்றால் நிற்கட்டும்.

திரையின் அடியில் நீண்ட பட்டை ஒன்று இருக்கும். அதற்கு டைம்லைன் என்று பெயர், காலக்கோடு எனலாம். படத்தை அதன்மேல் இழுத்து வைத்தபின், இடைவெளி விசையை அமுக்கினால் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். இடவல அம்பு விசைகளால் ஒவ்வொரு படமாக முன்னும் பின்னும் நகரலாம். வேண்டாத பகுதி தொடங்குமிடத்தில் நிறுத்தி எஸ் விசையை அமுக்குக. அங்கே படம் இரண்டாகப் பிளக்கும். அப்பகுதி முடியுமிடத்திலும் அவ்வாறே செய்க. இடைப்பட்ட துண்டைச் சுட்டி எக்ஸ் விசையை அமுக்கினால் அது நீங்கி, இருபுறத்துத் துண்டுகளும் நெருங்கி ஒட்டும். இசட் விசையை அமுக்கினால் துண்டு நீங்கும். ஆனால் அதன் இடம் வெற்றிடமாகவே நிற்கும். ஏட்டிலே ஓர் ஓலையை உருவிக் கட்டுவது முன்னது. ஓலையை எழுத்தின்றி விட்டுவைப்பது பின்னது. இவ்விரண்டன் வேறுபாடு விளங்காமல் முதல் வாரம் முழுதும் யான் தடுமாறினேன். பிழை நேர்ந்தால் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அமுக்குக; செய்தது செய்யாததாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அமுக்குக, செய்தது நிலைபெறும். மின்சாரம் நம் ஊரில் எவ்வளவு நம்பத்தக்கது என்பது உங்களுக்குத் தெரியும்.

முடிவில், ஏற்றுமதி என்னும் பொருள்பட எக்ஸ்போர்ட் என்றிருப்பதை அமுக்கி, வேறொன்றையும் மாற்றாமல் எம்.பி.4 ஆக எழுதச் செய்தால், எந்தக் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓடும் புதிய படம் ஒன்று பிறக்கும். கைப்பேசியில் எடுத்த படங்களைச் சேர்ப்பார்க்கு ஓர் எச்சரிக்கை: கைப்பேசி ஒரே வேகத்திற் படம் பிடிப்பதில்லை, அதனால் நெடிய படங்களில் வாயசைவும் குரலும் மெல்ல மெல்ல விலகக்கூடும். அத்தகைய படத்தைக் கண்டால் ஷாட்கட் தானே மாற்றித் தரவா என்று வினவும். ஆம் என்று விடுங்கள்.

விசைகளைப் பற்றிச் சொல்லவேண்டுவது இவ்வளவே. ஒரு மாலையிற் கற்கலாம். எதை வெட்டுவது என்பதே அரிது. அதனைக் கற்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

நம் கலியாணக் கேஸட்டுகளை எண்ணிப் பாருங்கள். தொடக்கத்திலே ஒரு தாமரை மொட்டு விரியும், உள்ளே மணமக்கள் முகம் சுழன்று வரும், இதயங்கள் பறக்கும். தாலி கட்டும் வேளையிற் கெட்டிமேளம் கேட்கவேண்டிய இடத்திலே, அந்த ஆண்டு வெளிவந்த சினிமாப் பாட்டு ஒன்றை ஸ்டூடியோக்காரர் ஏற்றியிருப்பார். அன்று நாதசுரம் வாசித்தவர் எவ்வளவு உருக்கமாக வாசித்தாரோ, அது போயே போயிற்று. பின்னர், மேடையில் மணமக்கள் நிற்க, உறவினர் வரிசையாக ஏறிப் பரிசளித்து, காமிராவை நோக்கிச் சில நொடி விறைத்து நின்று இறங்கும் காட்சி ஒரு மணி நேரம் ஓடும். 1998ஆம் ஆண்டில் நிகழ்ந்த என் தமக்கையாரின் திருமணக் கேஸட்டும் இவ்வாறானதே. 2021ஆம் ஆண்டில் அதனை யான் தொகுக்கத் தொடங்கியபொழுது, கூறியது கூறல் என்னும் நூற்குற்றம் இதனினும் மிக்கது உண்டோ என்று எண்ணி, முதலில் வெட்டியது அம்மேடை வரிசையைத்தான். ஒரு மணி நேரத்தை இரண்டு நிமிடமாக்கினேன். எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

படத்தை வீட்டாருக்குப் போட்டுக் காட்டினேன். தமக்கையார், "நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் மேடைக்கு வந்தவர்கள் எல்லாம் எங்கே?" என்று கேட்டார். அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. அவ்வரிசையில் ஏறி நின்ற பெரியவர்களிற் பாதிப்பேர் இன்று இல்லை. அவர்களுள் பலர் தம் வாழ்நாளில் வீடியோவில் முகங்காட்டியது அந்தச் சில நொடிகள் மட்டுமே. அழகுக்கு இடையூறு என்று யான் நீக்கியது நம் சுற்றத்தின் பெயர்ப்பட்டியல் என்க. புதியவனாகிய தொகுப்பாளனுக்குச் சலிப்பாக இருக்கும் இடம், முப்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர்க்குப் புதையலாகும். அதனால் இப்பொழுது யான் இரண்டு படங்களாகச் செய்கின்றேன். ஒன்று, விருந்தினர்க்குக் காட்டும் இருபது நிமிடப் படம். மற்றொன்று, மேடை வரிசை முழுதும் வெட்டின்றி, ஒவ்வொருவர் முகத்தின் அடியிலும் பெயரும் ஊரும் உறவும் எழுதியது. ஷாட்கட்டில் எழுத்திடும் வசதி உண்டு. யூனிகோடு எழுத்துருவில் தமிழ் செவ்வையாக வருகின்றது.

மற்றொரு பிழையையும் மறையாமற் சொல்லிவிடுகின்றேன். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெவ் குலெஷொவ் என்னும் உருசிய நாட்டுப் படவல்லுநர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி ஏதும் காட்டாத ஒரு நடிகர் முகத்தை ஒருகால் உணவுக் கிண்ணத்துக்கு அடுத்தும், ஒருகால் சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள், பசியையும் துயரையும் அம்முகமே காட்டியதாகக் கண்டனர். முகம் ஒன்றே; பக்கத்தில் நின்றதே பொருளை மாற்றிற்று. சொல்லுக்குச் சார்பினாற் பொருள் வேறுபடும் என்பதை அறிந்த யான், படத்துக்கும் அஃதுண்டு என்பதை அறியாமல், மறுவீடு செல்லுமுன் தமக்கையார் அழுத காட்சியை அடுத்து, பந்தியில் எவரோ கூறிய வேடிக்கைக்குச் சிற்றப்பா வாய்விட்டுச் சிரித்த துண்டை ஒட்டிவிட்டேன். இரண்டுக்கும் இடையே உண்மையில் நான்கு மணி நேரம். படத்திலோ, பெண் அழச் சிற்றப்பா சிரிக்கின்றார்! சிற்றப்பா முழுதும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றார். மூன்று வாரம் எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. யானே சென்று, கால்தொட்டு, மாற்றியமைத்த படத்தைப் போட்டுக் காட்டிய பின்னரே, "நீ வேணும்னு செய்யலேன்னு தெரியும்டா, ஆனா பாக்கிறவனுக்கு அது தெரியுமா?" என்றார். அவர் கூறியதற்குமேல் குலெஷொவும் கூறவில்லை.

ஒலியைப் பற்றி ஒரு சொல். வீட்டுப் படங்களில் யாவரும் படத்தையே பார்க்கின்றனர். யான் கண்ட அளவில், காலம் கடந்தபின் நெஞ்சைப் பிடிப்பது குரலே. அக்கேஸட்டில் என் அத்தை நலங்குப் பாட்டுப் பாடுகின்றார். நல்வினையாக ஸ்டூடியோக்காரர் அவ்விடத்தில் மட்டும் சினிமாப் பாட்டு ஏற்றவில்லை. ஏறத்தாழ நான்கு நிமிடப் பாட்டு. ஆனால் காமிராவோ அரை நிமிடம் அத்தையைக் காட்டிவிட்டு, கூரை விசிறியையும் ஒருவர் முதுகையும் காட்டிக்கொண்டிருந்தது. முதுகை வெட்டினால் பாட்டும் அறுபடும். அதற்கு வழி, துண்டின்மேல் வலப்பொத்தானை அமுக்கி, ஒலியைப் படத்தினின்றும் பிரித்துத் தனிப்பட்டையில் வைத்தல். பின்னர் ஒலியைத் தொடாமல், விசிறியையும் முதுகையும் நீக்கி, அவ்விடத்தில் அன்று கூடத்தில் இருந்த பெண்டிர் முகங்களை ஒவ்வொன்றாக வைத்தேன். பாட்டு அறாமல் ஓடிற்று. வேறொரு நேரத்து முகத்தைப் பாட்டின்மேல் வைப்பதும் குலெஷொவின் வித்தையே. ஆதலின் அதே நலங்கிலிருந்து எடுத்த முகங்களையே வைத்தேன். என் தாயார் அதனைப் பலமுறை போடச் சொல்லிக் கேட்டார்கள்.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த செய்திக்கு வருகின்றேன். தொகுப்புத் திட்டத்தைச் சேமிக்கும்போது கணினியில் ஒரு கோப்பு உண்டாகின்றது. ஷாட்கட்டில் அதன் பெயர் எம்.எல்.டி. என்று முடியும். அதனுள் படம் ஒன்றும் இல்லை. "இன்ன உறையிலுள்ள இன்ன படத்தில், இத்தனையாவது நொடி முதல் இத்தனையாவது நொடி வரை எடுத்துக்கொள்க" என்னும் குறிப்புக்கள் மட்டுமே உள்ளன. அது நூலன்று, நூலின் பொருளடக்கம். பொருளடக்கத்தை வைத்துக்கொண்டு நூலை எரித்தவன் கதை என் கதை.

2021ஆம் ஆண்டில் என் தாயாரைத் தொலைக்காட்சிமுன் அமர்த்தி, மேடை வரிசையை ஓடவிட்டு, ஒவ்வொருவரும் இன்னார் என்று சொல்லுமாறு கேட்டுக் கைப்பேசியிற் பதிந்தேன். அம்மா உற்சாகமாகச் சொன்னார்கள். "இது உங்க தாத்தாவோட மாமன் மகன், இவருக்கும் நமக்கும் பத்து வருஷம் பேச்சே கிடையாது, கலியாணத்துக்கு மட்டும் வந்தார்" என்று இடையிடையே வம்பும் உண்டு. நாற்பது நிமிடப் பதிவு. அதிற் சுவையான ஆறு நிமிடத்தை எடுத்துப் படத்திற் சேர்த்தேன். திட்டத்தைச் சேமித்தேன், எம்.பி.4 எழுதினேன். கணினியில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்தது. என் கைப்பேசிப் படம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 மெகாபைட் கொள்வது. நாற்பது நிமிடமும் 5 ஜிகாபைட்டுக்கு மேல். "எல்லாம் திட்டத்தில் இருக்கின்றதே" என்று எண்ணி, மூலத்தை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலிசெய்தேன். கைப்பேசியிலிருந்ததை முன்னரே நீக்கியிருந்தேன். சில நாள் கழித்துத் திட்டத்தைத் திறந்தபொழுது, கோப்புக்களைக் காணவில்லை என்ற அறிவிப்புத் தோன்றிற்று. அப்பொழுதும் யான் பெரிதும் கலங்கவில்லை. நல்ல ஆறு நிமிடம் கையில் உள்ளது. வேண்டுமானால் அம்மாவை மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாளை, அடுத்த மாதம், பொங்கல் விடுமுறை என்று தள்ளிக்கொண்டே போனேன். 2023ஆம் ஆண்டில் அம்மா காலமானார்கள்.

ஆகவே அன்பர்களே, டைம்லைனில் அஞ்சாமல் வெட்டுங்கள். அங்கே வெட்டுவதால் மூலத்துக்கு ஒரு கேடும் வாராது. உறையில் இருக்கும் மூலத்தை மட்டும் தொடாதீர்கள். படம் முடிந்த பின்னும் மூலங்களையும் திட்டக் கோப்பையும் சேர்த்து ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் வைத்து, அதன் படி ஒன்றை வேறொரு டிஸ்கில் எழுதி, வேறு ஊரிலுள்ள தங்கை வீட்டிலோ மாமன் வீட்டிலோ கொடுத்துவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர், 1894ஆம் ஆண்டிற் புறநானூற்றைப் பதிப்பித்தபொழுது, ஒன்றுக்கொன்று மாறுபட்ட ஏடுகளை வைத்து ஒப்புநோக்கியே பாடங்களை வரையறுத்தார் என்பது தமிழுலகம் அறிந்தது. ஒரே ஏடு, அதுவும் ஒருவர் வீட்டில் என்றிருந்த நூல்கள் பல நம் கைக்கு எட்டவேயில்லை.

2024ஆம் ஆண்டில், பெயர் எழுதிய மேடை வரிசைப் படத்தை முடிக்க முயன்றேன். சுற்றத்தார் பலரைக் கேட்டுக் கேட்டுப் பெரும்பாலார் பெயரையும் நிரப்பிவிட்டேன். என் தமக்கையின் மகள் அருகிருந்து தட்டச்சு செய்து தந்தாள். ஓரிடத்தில் அவள் நிறுத்தி, "மாமா, இவர் யார்? தாத்தா இவர் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாரே" என்றாள். வெள்ளைத் தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவர். என் தந்தையார் வேறு எவர்க்கும் செய்யாத சிறப்பாக, அவரைத் தாமே கைபிடித்து மேடைக்கு ஏற்றி, இருபது நொடிக்கு மேல் உடன் நிற்கின்றார். அம்முகம் வந்தபொழுது அம்மா பெயர் சொன்னார்கள். சொல்லி, ஏதோ நினைந்து சிரித்தார்கள். அச்சிரிப்பு என் காதில் இன்றும் கேட்கின்றது. பெயர் கேட்கவில்லை. தமக்கையார்க்கும் தெரியவில்லை, சிற்றப்பாவுக்கும் தெரியவில்லை.

அவ்விருபது நொடியை மட்டும் தனியே எழுதிக் கொண்டுவந்திருக்கின்றேன். கூட்டம் முடிந்ததும் இம்மண்டபத்துத் திரையில் ஓடவிடுமாறு செயலாளர் அவர்கள் இசைந்திருக்கின்றார்கள். இங்கு வந்துள்ள பெரியோர்கள், சிற்றுண்டிக்கு எழுந்து போகுமுன், சிறிது பொறுத்து அம்முகத்தை ஒருமுறை பார்த்தருளவேண்டும். அறிந்தவர் இருப்பின், பெயரையும் ஊரையும் என்னிடமோ செயலாளரிடமோ தெரிவிக்க வேண்டுகின்றேன். படத்தில் அவ்வோரிடம் மட்டுமே எழுத்தின்றி நிற்கின்றது.